வளையலை யார் மீட்பது?

ஒரு சின்னக் கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். நீங்கள் வாழ்க்கையில் பாடுபட்டு அடைந்த ஏதாவது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பட்டம், ஒரு வேலை, ஒரு பதவி, எதுவானாலும் சரி. நினைத்துவிட்டீர்களா? அது யாருடையது?

‘இதென்ன கேள்வி, என்னுடையதுதான்’ என்பீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஒரகடத்தில் ஒரு டீக்கடை வாசலில் நிற்கும்வரை.

அன்று காலை, அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றைச் சேர்ந்த பொறியியல் கல்லூரியில் முன்னாள் மாணவர் சந்திப்பு. என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். இந்த மாதிரி விழாக்கள் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். குத்துவிளக்கு, பொன்னாடை, அப்புறம் திரையில் வரிசையாகப் புகைப்படங்கள். இவர் இஸ்ரோவில், இவர் கலிஃபோர்னியாவில், இவர் அரசுச் செயலாளர்... ஒவ்வொரு படத்துக்கும் கைதட்டல். கடைசியில் சாம்பார் சாதம், தயிர் சாதம்.

அன்று சில இளைஞர்களுக்குக் கேடயம் கொடுத்தார்கள். அதில் ஒருவர் ஒரகடம் பக்கம் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் இன்ஜினீயர். முப்பது வயது இருக்கலாம். மைக் முன்னால் ரெண்டே நிமிஷம்தான் பேசினார். “எங்க வீட்ல எனக்கு முன்னாடி யாரும் காலேஜ் வாசலை மிதிச்சதில்லை. சிபாரிசு கிடையாது, பணம் கிடையாது. கட்-ஆஃப் மார்க்கை வச்சு உள்ளே வந்தேன். இது முழுக்க முழுக்க என் உழைப்பு” என்றார். அரங்கம் அதிர்ந்தது. நானும் பலமாகத் தட்டினேன். அந்தக் கைதட்டல் நியாயமானது என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

எனக்கு அன்று சாயந்திரம் காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண ரிசப்ஷன். “நான் அந்தப் பக்கம்தான் சார் போறேன், வாங்க” என்று காரில் ஏற்றிக்கொண்டார். வண்டலூர் தாண்டி வாலாஜாபாத் சாலையில் வண்டி போனது.

நீங்கள் அந்தப் பக்கம் போய் ரொம்ப நாள் ஆகியிருந்தால், ஊர் அடையாளமே தெரியாது. ஏரியும் வயலுமாக இருந்த பூமி. 1996-ல் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்தது. 1998-ல் அங்கிருந்து முதல் சான்ட்ரோ கார்கள் உருண்டு வந்தன. 2006-ல் நோக்கியா திறந்தது. ஒரு தலைமுறையின் கையில் முதல் செல்போனைக் கொடுத்துவிட்டு 2014-ல் மூடியது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ–நிஸான், 2012-ல் டெய்ம்லர் லாரிகள், 2013-ல் ராயல் என்ஃபீல்ட். ஐபோன் செய்கிற பெண்கள் தங்குவதற்காக மட்டும் வல்லம் வடகாலில் 18,720 பேருக்கு ஒரு விடுதிக் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. பதினெட்டாயிரம் பேர் என்றால் ஒரு சின்ன டவுன்!

வழியில் கேடயத்தைப் பற்றிக் கேட்டேன். சந்தோஷமாகச் சொன்னார். ஒரு அசெம்ப்ளி லைனில் 32 பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். இவர் மூன்று மாதம் கையில் ஸ்டாப்வாட்சோடு நின்று, யார் எத்தனை விநாடி சும்மா நிற்கிறார்கள், எந்தப் பெட்டி கைக்கு எட்டாமல் இருக்கிறது என்றெல்லாம் குறித்து, வேலையைப் பிரித்துச் சேர்த்து, அதே உற்பத்தியை 30 பேரை வைத்துச் செய்துகாட்டியிருக்கிறார். கம்பெனியில் பரிசு, ப்ரமோஷன். அந்தச் செய்தி கல்லூரி வரை போய்க் கேடயமும் வந்துவிட்டது.

“அந்த ரெண்டு பேர் யாரு?” என்று கேட்டேன்.

“ஒருத்தங்க ஸ்க்ரூ மாட்டுற ஸ்டேஷன் சார். அதைப் பக்கத்து ஸ்டேஷனோட சேர்த்துட்டோம். இன்னொருத்தங்க ரிலீவர்.”

ரிலீவர் என்றால்? லைன் நிற்காமல் ஓடுகிறது அல்லவா, யாருக்காவது பாத்ரூம் போக வேண்டும் என்றால் அந்த இடத்தில் வந்து நிற்கிற ஆள். ரெண்டு ரிலீவர் இருந்த இடத்தில் இப்போது ஒருவர். “எங்க கணக்குப்படி ஒருத்தர் போதும் சார். யுடிலைசேஷன் நாற்பது பர்சென்ட்தான் இருந்துச்சு” என்றார். எனக்கும் சரியாகத்தான் பட்டது. பாதி நேரத்துக்கு மேல் சும்மா நிற்கிற ஆள் எதற்கு?

ஒரகடம் ஜங்ஷனில் டீ குடிக்க நிறுத்தினோம். மணி ஒன்று இருக்கும். ரெண்டு மணி ஷிஃப்ட்டுக்குப் போகிற கூட்டம். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் டிபன் பை, கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற பெண்கள். அதில் ரெண்டு பேர் “சார்!” என்று கிட்டே வந்தார்கள். இவருடைய லைனில் வேலை செய்கிறவர்கள்.

“சார் விருது வாங்கிட்டு வர்றார்” என்று நான் சொன்னேன். முகம் மலர்ந்து, “வாழ்த்துக்கள் சார்” என்றார்கள். அந்த மலர்ச்சியில் பொய் இல்லை.

பேச்சு கொடுத்தேன். ஒரு பெண்ணுக்குத் திருவண்ணாமலைப் பக்கம் ஊர். அரசு பாலிடெக்னிக்கில் டிப்ளமா.

“மேல படிக்கலையாம்மா?”

“லேட்டரல் என்ட்ரில சீட்டே கிடைச்சது சார். போகலை. அந்த வருஷம்தான் தம்பி ப்ளஸ் டூ முடிச்சான். ரெண்டு பேரையும் படிக்க வைக்க முடியாதுல்ல? அவன் இப்ப கவர்மென்ட் இன்ஜினீயரிங் காலேஜ்ல மூணாவது வருஷம். ஹாஸ்டல், மெஸ் எல்லாம் நான்தான் அனுப்புறேன்.”

இதைச் சோகமாகச் சொல்லவில்லை. பெருமையாகத்தான் சொன்னாள்.

“டீ சாப்பிடுங்க ரெண்டு பேரும்” என்றார் இன்ஜினீயர்.

“வேணாம் சார்.”

“அட, நான் ட்ரீட் கொடுக்கணும்ல?”

“ஷிஃப்ட்டுக்கு முன்னாடி டீ, தண்ணி எதுவும் வேணாம் சார். வந்து சாப்பிட்டுக்கறோம்.” சொல்லிவிட்டு, பக்கத்துப் பெண்ணைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். அந்தப் பெண்ணும் சிரித்தாள். பஸ் வந்தது, போய்விட்டார்கள்.

நான் நண்பரைப் பார்த்தேன். டீ கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் கணக்கில் விட்டுப்போன எண் அதுதான். யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை என்று நினைக்கிறேன்.

வாலாஜாபாத் வரை அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. காலையில் அவர் மைக்கில் சொன்ன வரிதான் என் காதில் ஓடிக்கொண்டிருந்தது. ‘இது முழுக்க முழுக்க என் உழைப்பு.’

சரி, அன்று காலை திரையில் வந்த படங்களில் நம் எல்லோருக்கும் தெரிந்த முகம் ஒன்று இருந்தது. அப்துல் கலாம். ராமேஸ்வரத்துப் பையனுக்குக் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. சேருவதற்கு ஆயிரம் ரூபாய் போல வேண்டும். 1950-களில் ஆயிரம் ரூபாய் என்பது அந்தக் குடும்பத்துக்கு மலை. அக்கா ஜோஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். தன் சம்பாத்தியத்தில்தான் அந்த வளையலை மீட்க வேண்டும் என்று உறுதி எடுத்துக்கொண்டதாகக் கலாமே ‘அக்கினிச் சிறகுக’ளில் எழுதியிருக்கிறார்.

இந்தக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். இதற்குள்ளே இன்னொரு கதை இருக்கிறது. அவர் சேர்ந்த எம்.ஐ.டி. எங்கிருந்து வந்தது? 1949-ல் சி. ராஜம் என்ற தொழிலதிபர் தன் வீட்டை விற்ற பணத்தைப் போட்டு ஆரம்பித்த கல்லூரி அது. 1978-ல் அண்ணா பல்கலைக்கழகம் பிறந்தபோது கிண்டி பொறியியல் கல்லூரி, அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, கட்டடக்கலைப் பள்ளி ஆகியவற்றோடு எம்.ஐ.டி.யும் அதில் சேர்ந்து பொதுச் சொத்தானது. கன்னியாகுமரி மாவட்டத்து விவசாயி மகன், குடும்பத்தின் முதல் பட்டதாரி கே. சிவன் 1980-ல் அங்கேதான் விமானப் பொறியியல் முடித்தார். 2018-ல் இஸ்ரோவின் தலைவரானார்.

ஒரு பக்கம் வளையல், இன்னொரு பக்கம் வீடு. இரண்டும் இல்லாவிட்டால் அந்தப் பட்டம் கலாமுக்கு எங்கிருந்து கிடைத்திருக்கும்?

‘அப்போ கலாமின் உழைப்புக்கு மதிப்பு இல்லையா?’ என்று கேட்பீர்கள். இருக்கிறது, நிறையவே இருக்கிறது. அதே வகுப்பில் அவரோடு உட்கார்ந்த எல்லோரும் கலாம் ஆகிவிடவில்லையே. எல்லாம் அதிர்ஷ்டம், எல்லாம் சூழ்நிலை என்று சொல்வது, ராத்திரி கண்விழித்துப் படித்த பையனை அவமானப்படுத்துவது. எல்லாம் நானே என்று சொல்வது, அவன் கண்விழிக்க விளக்கேற்றி வைத்தவர்களை அவமானப்படுத்துவது. ரெண்டுமே சோம்பேறித்தனமான பதில்கள். உழைப்பு என்னுடையதுதான். ஆனால் நான் உழைக்கக் கிடைத்த இடம் என்னுடையது இல்லை. அதுதான் சிக்கல்.

நம் ஒரகடத்து நண்பரையே எடுத்துக்கொள்ளுங்கள். கட்-ஆஃப் மார்க் அவர் வாங்கியது. ஆனால் அந்த மார்க்கை மட்டும் வைத்து இடம் கொடுக்கிற ஏற்பாடு எப்படி வந்தது? கிராமத்துப் பையன்கள் கோச்சிங்குக்கு எங்கே போவார்கள் என்று கேட்டு, 2007-ல் சட்டம் கொண்டுவந்து நுழைவுத் தேர்வை எடுத்தார்கள். முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010-ல் வந்தது. காரில் கேட்டபோது, “ஆமா சார், அந்தச் சலுகை எனக்குக் கிடைச்சுது” என்று அவரே சொன்னார். மிச்சக் கட்டணமும் தனியார் கல்லூரியோடு ஒப்பிட்டால் சொற்பம். அந்த வித்தியாசத்தை யார் கட்டினார்கள்? நீங்களும் நானும். நாம் மட்டுமா? திருவண்ணாமலைப் பக்கம் அந்தப் பெண்ணின் அப்பா மொபெட்டுக்குப் போட்ட பெட்ரோலிலும், அம்மா வாங்கிய சோப்பிலும் வரி இருந்தது. கல்லூரிக்குப் போகாத அந்தக் குடும்பமும் சேர்ந்துதான் இவர் உட்கார்ந்த பெஞ்சுக்குப் பணம் கட்டியது.

உடனே ஒரு வாசகர், ‘நானும்தான் இப்போது வரி கட்டுகிறேன். கணக்கு நேர்’ என்று எனக்குக் கடிதம் எழுதப்போகிறார். நல்ல வாதம். ஆனால் கடனில் ரெண்டு வகை உண்டு. ஜோஹராவின் வளையல் ஒரு வகை. அது யார் கொடுத்தது என்று தெரியும், மீட்டு அவர் கையில் போட்டுவிடலாம். வரி கட்டுவது, ஊருக்குப் பணம் அனுப்புவது எல்லாம் இந்த வகையில் சேரும். ராஜம் விற்ற வீடு இன்னொரு வகை. பெயர் தெரியாத, முகம் பார்க்காத பிள்ளைகளுக்காக அவர் கொடுத்தது. அதை அவரிடம் திருப்பிக் கொடுக்க வழி கிடையாது. பெயர் தெரியாத இன்னொருவருக்குத்தான் கொடுக்க முடியும்.

இந்த ரெண்டாவது கடன் எப்படி வேலை செய்கிறது என்பதற்குக் கிண்டியில் படித்த ஒருவரே உதாரணம். வர்கீஸ் குரியன். 1943-ல் அங்கே இன்ஜினீயரிங் முடித்தவர். அரசு உதவித்தொகையில் அமெரிக்கா போய்ப் படித்தார். பால்பண்ணைத் தொழிலுக்காகக் கொடுத்த பணம், அவருக்கோ ஆர்வம் உலோகவியலில்! திரும்பி வந்ததும் ஒப்பந்தத்தைக் காட்டி, 1949-ல் குஜராத்தில் ஆனந்த் என்ற சின்ன ஊருக்கு அனுப்பினார்கள். வேண்டாவெறுப்பாகப் போனார். எப்போது விடுவார்கள் என்று காத்திருந்தார். விட்டும்விட்டார்கள். கிளம்புகிற சமயத்தில், அங்கே பால்காரர்களின் கூட்டுறவுச் சங்கத்தை நடத்திவந்த திரிபுவன்தாஸ் படேல், ‘மெஷினை மட்டும் சரி பண்ணிக் கொடுத்துவிட்டுப் போங்கள்’ என்ற மாதிரி கேட்டுக்கொண்டார். அப்புறம் குரியன் அந்த ஊரை விட்டுப் போகவே இல்லை. அமுல் பிறகு வளர்ந்தது உலகத்துக்கே தெரியும். காகிதத்தில் கையெழுத்துப் போட்ட கடன் முடிந்த பிறகுதான், கையெழுத்துப் போடாத கடனை அவர் அடைக்க ஆரம்பித்தார்.

எல்லோரும் குரியன் ஆக முடியுமா? முடியாது. ஆக வேண்டியதும் இல்லை. வெளிநாடு போனவர்களைத் துரோகி என்று திட்டுகிற கட்சியிலும் நான் இல்லை. எங்கே போனாலும், கையில் கொஞ்சம் அதிகாரம் வந்து சேரும். அதை வைத்து என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி.

ஒரகடத்திலிருந்து வடக்கே கொஞ்ச தூரம் போனால் ஸ்ரீபெரும்புதூர். ராமானுஜர் 1017-ல் பிறந்த ஊர். அவரைப் பற்றிச் சொல்லப்படும் கதையைப் பக்திக் கதையாக இல்லாமல், படித்த ஒருவரின் பிரச்னையாகக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு மந்திரத்தைக் கற்றுக்கொள்ள ஸ்ரீரங்கத்திலிருந்து திருக்கோஷ்டியூருக்குப் பதினெட்டு முறை நடந்தார். கடைசியில், யாருக்கும் சொல்லக் கூடாது, சொன்னால் நரகம் என்ற நிபந்தனையோடு குரு கற்றுக்கொடுத்தார். இவர் நேராகக் கோயில் கோபுரத்தில் ஏறி, ஊரைக் கூட்டி எல்லோருக்கும் சொல்லிவிட்டார். நான் ஒருத்தன் நரகத்துக்குப் போனால் பரவாயில்லை என்றாராம்.

பதினெட்டு முறை நடந்தது அவருடைய கால்கள்தான். ‘இது முழுக்க என் உழைப்பு’ என்று சொல்ல அவரைவிட உரிமை உள்ளவர் யார்? அவ்வளவு நடந்து வாங்கியதைத்தான் அவர் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. நடந்த களைப்பு அவருடையது, கிடைத்த பொருள் ஊருடையது.

அந்தப் பேட்டையில் இன்று கோபுரம் ஏற வேண்டியதில்லை. 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாடு விஷமாகி, தங்களோடு வேலை செய்த நூற்றுக்கு மேற்பட்ட பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு, அதே ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பெண் தொழிலாளர்கள் பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். நாடே திரும்பிப் பார்த்தது. அந்தச் சாப்பாட்டை அதற்கு முன்னால் தட்டில் பார்த்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! மெஸ் ஒப்பந்தம், பஸ் நேரம், ரிலீவர் எண்ணிக்கை என்று எல்லாவற்றுக்கும் பின்னால் எங்கேயோ ஒரு பட்டதாரி ஒரு எக்ஸெல் ஷீட்டில் ஒரு எண்ணை நிரப்புகிறார். அவர் கெட்டவர் இல்லை. அந்த எண்ணுக்குள் ஒரு ஆள் இருப்பது அவருக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

பல்கலைக்கழகங்கள் சாதனையாளர் பட்டியல் போடட்டும். தப்பே இல்லை. ஆனால் பொதுமக்கள் பணத்தில் நடக்கிற ஒரு கல்லூரியின் மதிப்பை அந்தப் பத்துப் படங்கள் மட்டும் சொல்லிவிடாது. படம் போடப்படாத பத்தாயிரம் பேர், தனக்குக் கீழே நிற்கிறவரின் தாகத்தைக் கணக்கில் சேர்க்கிறார்களா என்பதுதான் சொல்லும்.

காஞ்சிபுரத்தில் இறங்கும்போது நண்பர் கேட்டார்: “நான் பண்ணலேன்னா வேற ஒருத்தர் பண்ணியிருப்பார், இல்லையா சார்?”

“இருக்கலாம். ஆனா கேடயம் உங்க கையிலதானே இருக்கு?” என்றேன். கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேனோ என்று ராத்திரி பூரா உறுத்தியது.

ரெண்டு மாதம் கழித்து போன் பண்ணினார். ரிலீவரைத் திரும்பப் போடச் சொல்லி எழுதிக் கொடுத்தாராம். ‘இதனால கம்பெனிக்கு என்ன லாபம்?’ என்று மேலே கேட்டிருக்கிறார்கள். இவர் மறுபடியும் ஸ்டாப்வாட்சோடு நின்று, ஷிஃப்ட்டின் கடைசி ரெண்டு மணி நேரத்தில் எத்தனை பீஸ் கோளாறாகிறது என்று குறித்துக் காட்டியிருக்கிறார். பேரம் நடந்து, பாதி ஷிஃப்ட்டுக்கு மட்டும் ஒரு ஆள் கிடைத்திருக்கிறார்.

“முப்பதரை ஆள் சார்” என்று சிரித்தார். “இதுக்கெல்லாம் யாரும் கேடயம் கொடுக்க மாட்டாங்க.”

“அந்தப் பொண்ணு டீ குடிக்குதா?”

“ஷிஃப்ட்டுக்கு முன்னாடி இன்னும் இல்ல சார். மீதி பாதிக்கு இன்னும் கேட்டுக்கிட்டு இருக்கேன்.”

அந்தப் பெண்ணின் தம்பி அடுத்த வருஷம் இன்ஜினீயர் ஆகிவிடுவான். ஒருநாள் அவனும் எங்கேயாவது மைக் முன்னால் நின்று பேசுவான். பேசட்டும், நானும் நீங்களும் கை தட்டுவோம். அவன் வேலைக்குச் சேரும் இடத்திலும் ஒரு லைன் ஓடிக்கொண்டிருக்கும். அதில் யாரோ ஒருத்தருடைய அக்கா நின்றுகொண்டிருப்பாள்.

ஆரம்பத்தில் உங்களை ஒன்றை நினைக்கச் சொன்னேனே, அதை மறுபடி நினைத்துப் பாருங்கள். அதற்காக அடகு போன வளையல் யாருடையது? விற்ற வீடு யாருடையது? முதல் கேள்விக்குப் பதில் உங்கள் வீட்டிலேயே கிடைக்கும். ரெண்டாவதுக்குப் பதில், நாளைக் காலையில் நீங்கள் ஆபீஸுக்குப் போகும்போது உங்களுக்கு வணக்கம் சொல்கிறாரே, அவரிடமிருந்து தேட ஆரம்பிக்கலாம்.